கொம்பு முளைத்த மாங்காய்

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. அருப்புக்கோட்டையில் மட்டும் இல்லை, எல்லா ஊரிலும் அப்படித்தான்.

ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். அப்படியானால் நாம் தின்ற வடையின் எண்ணெய் அதற்குள் எப்படிப் பயணம் போகிறது? ஏழாம் வகுப்பில் யாரும் இதற்காகக் கவலைப்பட்டதில்லை. வடை தீர்ந்துவிட்டால்தான் கவலைப்படுவார்கள்.

1978-இல், அறிவியல் கண்காட்சிக்காக இன்பராஜ் சார் பதில் சொன்னார். "ரத்தத்துல சில புரதம் இருக்கு. ஒரு பக்கம் எண்ணெயோட சிநேகம், மறுபக்கம் தண்ணியோட சிநேகம். கொழுப்பச் சுத்திப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போயிரும். அந்தப் புரதத்தை எப்படிச் செய்யணும்கிறது ஜீன்ல இருக்கு."

சௌடேஸ்வரிக்கு உடனே புரிந்தது. அவள் வீட்டுத் தறிக்கு மேல் துளை போட்ட அட்டைகள் மாலைபோல் தொங்கும். துளைக்குத் தகுந்தபடி துணியில் பூ விழும்.

"அட்டை ஜீனு, துணி புரதம். அவ்வளவுதான சார்?" என்றாள். "அதையே கண்காட்சிக்கு நெய்யி," என்றார் சார்.

அவளும் பரளச்சியிலிருந்து பஸ்ஸில் வரும் முருகேஸ்வரியும் கூட்டுச் சேர்ந்தார்கள். புரதத்துக்கு ஒரு நாடா: மேல்பக்கம் தண்ணீருக்கு நீலம், அடிப்பக்கம் எண்ணெய்க்கு மஞ்சள், நடுவே மாங்காய் டிசைன். ஒரு மாங்காய்க்கான அட்டை மாலை தறியில் சுற்றிவர நீளம் பத்தவில்லை. அதனால் அதைப் பார்த்து முருகேஸ்வரி ஒரு நகல் குத்தினாள். இரண்டையும் கோத்து, சௌடேஸ்வரியின் அப்பா சென்னய்யா நாடாபோல நெய்து கொடுத்தார்.

கண்காட்சி அன்று காலையில் நாடாவைப் பிரித்தார்கள். முதல் மாங்காய் அழகு. இரண்டாவதன் தலையில் ஒரு கொம்பு.

"ஏலே, இங்க வந்து பாருங்கலே," என்று கூடப் படிக்கும் காசிராஜன் ஊரைக் கூட்டினான். "மாங்காய் முட்ட வருது."

முருகேஸ்வரி பையை எடுத்தாள். "துளையத் தப்பாக் குத்திட்டேன். நீ மட்டும் நில்லு. நான் ஊருக்குப் போறேன்."

கொம்பை மடித்து மறைத்துவிடலாம்தான். ஆனால் முருகேஸ்வரியை எப்படி மறைப்பது? அவள் கண் கலங்கியிருந்தது.

சௌடேஸ்வரி எண்ணெய்த் துளியாகக் காட்ட வைத்திருந்த மஞ்சள் பஞ்சு உருண்டையை எடுத்தாள். கொம்பு மாங்காய்ப் பக்கத்தை அதன்மேல் சுற்றினாள். மஞ்சள் உள்ளே, நீலம் வெளியே.

"சொமக்கத்தான செய்யுது?"

"சொமக்குது," என்று மூக்கை உறிஞ்சினாள் முருகேஸ்வரி.

"சார், ரத்தத்துல ஒரே புரதம்தான் இருக்கா?" என்று பக்கத்தில் வந்த சாரைக் கேட்டாள் சௌடேஸ்வரி.

"பல தினுசு இருக்கு," என்றார் சார். "ஒண்ணு குடல்ல கொழுப்ப ஏத்தும். ஒண்ணு மிச்சத்த ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுவரும். ஆனா பலதும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாடை."

"அப்ப நகல் எடுக்கையில அங்கயும் யாரோ துளைய மாத்திக் குத்தியிருக்காக," என்றாள் சௌடேஸ்வரி. "ஏ முருகேசு, பையக் கீழ வையி. இத நீதான் சொல்லணும்."

மதுரைக் கல்லூரியிலிருந்து வந்த நடுவர் அம்மாள் குனிந்து பார்த்தார். "இது தப்பா விழுந்ததுதானே?"

"ஆமாங்க. நான்தான் குத்துனேன்."

"தப்பு வந்தா வேலை கெட்டுப்போகாதா?"

முருகேஸ்வரி யோசித்தாள். "சில தப்பு கெடுத்துரும்ங்க. ஆனா மொத அட்டை அப்படியே இருக்குல்ல? அது பழைய வேலையப் பாத்துக்கிரும். நகலு தைரியமா மாறலாம். மாறி மாறித்தான் இத்தன தினுசு வந்திருக்கு. ஒங்க ரத்தத்துலயும் ஓடுதுங்க."

அந்த அம்மாள் தன் மணிக்கட்டைத் திருப்பி, அங்கே ஓடும் பச்சை நரம்பைப் புதிதாகப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தார்.

அடுத்த ஆள் வருவதற்குள் முருகேஸ்வரி நாடாவை இழுத்துவிட்டு, கொம்பு நன்றாகத் தெரிகிறதா என்று சரிபார்த்தாள்.