முனை வெட்டிய தூண்டில்

அழகப்பன் கப்பல் பட்டறையிலிருந்து வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, நேராக அடுப்படிக்குத்தான் போனான். காலையில் மனைவி கண்மணிக்காக மூடி வைத்த சோறு மூடியபடியே இருந்தது. திறந்து பார்த்தான். ஒரு பருக்கை குறையவில்லை.

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். கண்மணிக்குப் பசியே பறந்து போயிருந்தது. சுவரோரம் சுருண்டு படுத்திருந்தவளின் கையைத் தூக்கிப் பார்த்தான். வளையல்கள் முழங்கை வரை தளர்ந்து ஏறின.

"ஒரு வாய் சாப்பிடு கண்மணி."

"அண்ணன் சாப்பிடட்டுங்க. அப்புறம் நான் சாப்பிடுறேன்."

அவளுடைய அண்ணன் தனசேகரன் உயிரோடு இல்லை. செம்பவாங் பட்டறையில் அவர் டைவர். கப்பலின் அடிவயிற்றைப் பழுது பார்க்கத் தண்ணீருக்குள் இறங்குவது அவர் வேலை. மேலே நின்று அவருடைய இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பது அழகப்பன் வேலை. கீழே பேச்சு கிடையாது, கயிறுதான் பாஷை. ஒரு இழுப்பு என்றால் சுகம். விடாமல் இழுத்தால், தூக்கு. அப்படி இழுத்தால் ஏன், எதற்கு என்று யோசிக்கக் கூடாது. கை தூக்கிவிட வேண்டும், மனசு பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஐம்பத்தேழாம் வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் அழகப்பன் காய்ச்சலில் கிடந்த ஒரு நாள், வேறொருவன் பிடித்த கயிறு வெறுங்கயிறாக மேலே வந்தது. உடல் கிடைக்கவே இல்லை.

தனசேகரனுக்குப் பெண்டு பிள்ளை கிடையாது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பண்டாரம் வந்து, தர்ப்பையில் உருவம் செய்து எரித்து, கருமாதியை முடித்தார். ஆற்று முகத்தில் பிண்டச் சோற்றைக் கரைக்கச் சொன்னார். அன்று ஏற்றம். கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. விட்ட உருண்டைகள் எல்லாம் திரும்பி உருண்டு வந்து சேற்றில் நின்றன. ஒரு மீன்குஞ்சு கூட வாய் வைக்கவில்லை. கண்மணி அதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து வரக்காப்பியும் கஞ்சித் தண்ணியும்தான். இப்படியே போனால் தாங்காது என்று டாக்டரும் கைவிரித்துவிட்டார்.

அழகப்பனுக்கு மீனைத் தெரியும். பட்டறையில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கப்பல் ஏறும்போது தன் தூண்டிலை அவனிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். புழுவும் இறாலும் வைக்காத தூண்டில் அது. கொக்கியில் இறகைக் கட்டிப் பூச்சி போலத் தண்ணீரின் மேல் வீசுவது. அவர் ஊரில் மழை பெய்தால் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி வரும் ஒரு மீனை இப்படித்தான் பிடிப்பார்களாம். துரைக்குக் கிறுக்கு என்று பட்டறையே சிரித்தது. அழகப்பன் மட்டும் வீசிப் பழகினான். நம்ம ஊர்க் கொடுவா மீனுக்கும் அதே குணம்தான். மேலே மழை பெய்து, ஆறு கலங்கி, வற்றத்தில் கடலை நோக்கி இறங்கும்போது முகத்துவாரத்தில் வந்து காத்திருக்கும்.

அன்றிரவு உட்கார்ந்து வாத்தின் வெள்ளை இறகை நறுக்கி, ஒரு வாய்ச் சோறு போல உருட்டிக் கட்டினான். கொக்கியின் முனையைக் குறட்டால் வெட்டி எறிந்தான். மீன் கவ்வ வேண்டும், மாட்டக் கூடாது. கண்மணி ஒரு துள்ளலைப் பார்த்தால் போதும், அண்ணன் சோற்றை வாங்கிக்கொண்டார் என்று நம்பிச் சாப்பிட்டுவிடுவாள்.

கிரேன் ஓட்டும் அப்துல் மஜீதிடம் மட்டும் இதைச் சொன்னான்.

மஜீது அவனை ஏறிட்டுப் பார்த்தான். "பொண்டாட்டிய ஏமாத்து, பரவால்ல. மௌத்தாப் போனவருக்கு வச்ச சோத்துல கள்ளச் சோறு கலக்குறியே. ஆழம் தெரியாம கால விடாத லா."

"அவ செத்துப் போயிடுவா மஜீது."

மஜீது தலையை ஆட்டிக்கொண்டே கிரேனில் ஏறினான்.

இரண்டு நாள் விடாமல் பெய்த மழை ஒரு பிற்பகலில் நின்றது. ஆறு தேநீர் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அழகப்பன் கண்மணியை சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே போனான். அவள் கனமே இல்லை. தேக்கா சந்தையில் வாங்கிய வாழையிலையை முகத்துவாரத்தில் விரித்து, கொண்டுவந்த சோற்று உருண்டைகளை எடுத்து வைத்தான்.

"நீயே உன் கையால விடு. நான் மேட்டுல நிக்கிறேன்."

மேட்டுக்குப் போகவில்லை. காலையிலேயே மறைத்து வைத்திருந்த தூண்டிலை எடுத்துக்கொண்டு அலையாத்தி மரங்களுக்குப் பின்னால் நின்றான்.

கண்மணி முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். "அண்ணே, வாண்ணே," என்றாள். உருண்டை மிதந்து, கரைந்து, வெள்ளையாகப் பரவியது. அழகப்பன் வீசினான். இறகு அந்த வெள்ளைக்கு நடுவில் போய் உட்கார்ந்தது.

பூச்சிகளின் சத்தம் நின்றது.

சேற்று வாடைக்கு நடுவே வேறொரு வாடை வந்தது. ரப்பர் வாடை. டைவர் உடுப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து வருமே, அதே வாடை.

இறகு உள்ளே போனது. துள்ளல் இல்லை, தெறிப்பு இல்லை. தண்ணீர் மெல்லச் சுழித்து அதை வாங்கிக்கொண்டது.

"அண்ணன் வாங்கிட்டாரு!" என்று கண்மணி கூவினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்ட அவள் சிரிப்பில் அழகப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் நூல் தளரவில்லை.

முனை இல்லாத கொக்கியில் எதுவும் மாட்ட முடியாது. கவ்விய மீன் அடுத்த நொடியே துப்பிவிடும். நூல் விறைத்தபடியே நின்றது. மறுமுனையில் ஏதோ அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஒரு இழுப்பு.

அழகப்பன் கோலை இறுகப் பிடித்தான்.

இன்னொரு இழுப்பு. பிறகு இன்னொன்று. நிதானமாக, விடாமல்.

தூக்கு.

அவன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நூலை அறுத்திருப்பான். ஆனால் அது கயிற்றுக்காரனின் கை. காய்ச்சலில் கிடந்த அந்த நாளிலிருந்து இந்த ஒரு இழுப்புக்காகத் தவித்துக் கிடந்த கை. தூண்டில் கோலைக் கீழே போட்டுவிட்டு, கை மாற்றிக் கை மாற்றித் தூக்கியது. ஒரு ஆளின் கனம். விரல்களை நூல் அறுத்தது. அவரை வழியனுப்பத்தான் சோற்றை விட்டோம், வந்தவரை மேலே இழுக்கிறோமே என்பது அவன் மண்டையில் ஏறியபோது, கண்மணியின் காலடியில் தண்ணீர் புடைத்து எழும்பியிருந்தது.

"கண்மணி! மேல ஏறு!"

அவள் திரும்பினாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "என்னமோ காலைத் தொடு..."

கழுத்துவரை ஒருமுறை அமிழ்ந்தாள். உடனே எழுந்து நின்றாள்.

நூல் தளர்ந்துவிட்டது. முனையில் இறகு இல்லை. நூல் அறுந்திருக்கவும் இல்லை. ஈரத்தில் இறுகியிருந்த முடிச்சை யாரோ அவிழ்த்திருந்தார்கள்.

ஓடிப்போய் அவளை வாரிக் கரையேற்றினான். மூச்சு சீராக இருந்தது. உடம்பு மட்டும் சில்லென்றிருந்தது. வழியெல்லாம் அவள் பேசவில்லை. சைக்கிளைத் தள்ள அவனுக்கு மூச்சு வாங்கியது. ஈரப் புடவைதான் கனக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவளாகவே தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தாள்.

"சோறு போடுங்க."

அழகப்பன் அழுதேவிட்டான். மஜீதாவது, ஆழமாவது! பொண்டாட்டி சாப்பிடுகிறாள், அது போதும். சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டான். குனிந்த தலை நிமிராமல் பிசைந்து சாப்பிட்டாள். மறுபடி போட்டான். பானை பாதியானது. அவள் கை பெரிது பெரிதாக உருட்டி, மெல்லாமல் விழுங்கியது. ஈரக் கூந்தலிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டே இருந்தது. இத்தனை தண்ணீர் ஒரு கூந்தலில் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

"மெதுவா சாப்பிடு கண்மணி. பட்டினி கிடந்த வயிறு."

"பசி மாப்ள."

அகப்பை அவன் கையிலேயே நின்றது. அவனை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள் கண்மணியின் அண்ணன்தான். எந்த ஊரிலும் பெண்டாட்டி புருஷனை மாப்ள என்று கூப்பிடுவதில்லை.

குரல் கண்மணியின் குரல்தான்.

"கயித்தத் தூக்கும்போதே நீதான்னு தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கும் நீ இருந்திருந்தா தூக்கியிருப்ப."

அழகப்பன் அகப்பையைக் கீழே வைத்தான். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டான்.

"மச்சான்... கண்மணி எங்க?"

விழுங்குவது நின்றது. தலை மெல்ல நிமிர்ந்தது. அவளுடைய கண்கள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தன.

"கீழ ஒரே இருட்டு மாப்ள. மொதல்ல ரொம்பப் பயமா இருக்கும். அப்புறம் பழகிடும்."

சொல்லிவிட்டுக் காலித் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.