தொண்ணூற்றிரண்டு வாட்

சரியாக நான்கு மணிக்குக் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில், அது இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் எண் துள்ளியது. பதினொரு வாட்டாக இருந்தது, அடுத்த விநாடி தொண்ணூற்றிரண்டு.

அவள் எதையும் தொடவில்லை. மவுஸின் மேல்கூடக் கை இல்லை.

ஒன்பது ஆண்டுகளாக ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுத்தவள். பிராசஸர் மின்சாரத்தை அதிகம் இழுத்தால் சூடேறும், ஃபேன் இரையும், அந்த இரைச்சல் பதிவில் விழும். அதனால் ஒரு கண் புத்தகத்திலும் ஒரு கண் அந்த எண்ணிலுமாகவே படித்துப் பழகியவள். தொண்டையில் கத்தி வைத்து இருபது நாளாகிறது. இன்னும் ஒரு மாதம் முணுமுணுக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சு போயும் பழக்கம் போகவில்லை. மாடியில், பஞ்சுப் பலகை ஒட்டிய சுவர்களுக்கு நடுவே, தன் மூச்சையும் சூடான பிளாஸ்டிக் வாசனையையும் தவிர வேறெதுவும் இல்லாத அந்தப் பதிவு அறையில், எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மூன்று நாளாக இதே கூத்து. நான்கு மணிக்கு ஏறும், பத்து நிமிடத்தில் இறங்கும். நேற்று கணவனிடம் எழுதிக் காட்டினாள். ஏதாவது அப்டேட்டாக இருக்கும் என்றான், போகிற போக்கில். பிறகு அவள் தலையைத் தடவினான்.

"ரெஸ்ட் எடுன்னா, கம்ப்யூட்டருக்கு ஜுரம் பாத்துட்டிருக்கியா?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது.

இன்று, எது இப்படி இழுக்கிறது என்று, ஓடும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தாள். உச்சியில் ஒரு பெயர்: குயிலு. அவன் அவளைத் தனிமையில் கூப்பிடும் பெயர். அதன் உள்ளே, பத்திரமாக வைக்கச் சொல்லி அவனிடம் கொடுத்திருந்த ஒன்பது ஆண்டுப் பதிவுகள். படித்தது, இருமியது, தப்பாக வாசித்துவிட்டுச் சிரித்தது, ஒன்று விடாமல்.

நான்கு மணி, அவளைப் பற்றி விசாரிக்க அம்மா அவனுக்குப் போன் செய்யும் நேரம். நாளைக் காலை அம்மா வந்து அவளைத் தன்னோடு கூட்டிப்போவதாக ஏற்பாடு. இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று அம்மாவுக்கு எழுதி, மன்றாடி வாங்கிய ஏற்பாடு.

ஒலி புகாத கதவை ஒரு விரல் அகலம் திறந்தாள். கீழே கூடத்தில், போன் ஸ்பீக்கரில் அம்மா. பிறகு இன்னொரு குரல்.

"தொண்டை சரியாயிடுச்சும்மா. நீ வர வேணாம். இவரு என்னைத் தாங்கு தாங்குன்னு தாங்குறாரு."

அவளுடைய குரல்.

"அப்பாடா. டிக்கெட்டை கேன்சல் பண்ணிடறேன்டி," என்றாள் அம்மா.

பெற்றவளுக்கே தெரியவில்லை.

கத்த வாய் திறந்தாள். காற்றுதான் வந்தது. திரும்பி ஓடினாள். பிளக்கைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. ஃபேன் தள்ளாடி நின்றது.

கீழே குரல் நிற்கவில்லை.

படியில் இறங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. அழைப்பு முடிந்து, போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. அவன் இரண்டு கோப்பைகளில் டீ ஊற்றிக்கொண்டிருந்தான்.

"படியில யாரோ வர்ற மாதிரி இருக்கே?" அவள் குரல்தான் கேட்டது.

அவன் நிமிர்ந்தான். நேராக அவளைப் பார்த்தான். பார்வையைத் திருப்பினான்.

"யாரும் இல்ல. நீ டீயைக் குடி."

எதிர் நாற்காலியில் ஆள் இல்லை. அதன் மெத்தை மட்டும், ஒருவர் உட்கார்ந்திருக்கும் ஆழத்துக்கு அமுங்கியிருந்தது.