மலைக்கு வரி

வியாழக்கிழமை காலை தன் வேலியோரம் நடந்துபோன ஆல்டன் க்ரோஸ்பி சட்டென்று நின்றுவிட்டார். பனி இளகி மரத்தடிகள் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தன. அவருடைய பைன் மர வரிசையில் ஒரு கோடி மட்டும் குளிர்காலம் பூராவும் பழுத்து, இப்போது ஒரு ஊசியிலைகூட இல்லாமல் மொட்டையாக நின்றது. ஏதோ நோய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு அடிமரத்திலும் டிரில் போட்ட துளை. துளையைச் சுற்றிப் பட்டை கறுத்துக் கிடந்தது.

"கொலைங்க சீஃப், பச்சைக் கொலை! யாரோ விஷம் ஊத்தியிருக்கான்!" என்று போனில் கத்தினார்.

வெஸ்ட் ஹாலம் ஊரின் போலீஸ் தலைவி ஹெஸ்டர் பில்ப்ரிக் சேற்றில் வண்டியைத் திணறத் திணற ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். துளைகளைப் பார்த்தாள். விரலால் தொட்டு மோந்தாள். களைக்கொல்லி நாற்றம் லேசாக இன்னும் இருந்தது.

"யார் மேல சந்தேகம்?"

"இதுல சந்தேகம் வேறயா? மேட்டுல இருக்கிற வீட்டைப் பாருங்க. என் மரம் போனா மலை யாருக்குத் தெரியும்? வென்டல் ஒலெட்டுக்குத்தானே! மலை தெரியிற வீடுன்னா பாஸ்டன்காரன் கண்ணை மூடிட்டுக் காசைக் கொட்டுவான். கேஸ் போடுங்க. மரத்துக்குப் பல மடங்கு ஈடு வாங்காம விடமாட்டேன்!"

சட்டம் ஆல்டன் பக்கம்தான். அடுத்தவன் மரத்தைக் கொன்றவன் அதன் விலையைப் போலப் பல மடங்கு கட்டவேண்டும். வென்டலோ பால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். அப்பா கட்டிக்கொடுத்த அந்த வீட்டைத் தவிர அவரிடம் விற்பதற்கு ஒன்றுமில்லை. குற்றம் நிரூபணமானால் வீடு போய்விடும். ஹெஸ்டருக்கு அது தெரிந்தே இருந்தது.

வென்டல் அவளைச் சமையலறைக் கதவு வழியாக உள்ளே அழைத்துக் காபி ஊற்றினார்.

"நான் எதுக்கு சீஃப் மலையைப் பாக்கணும்? மலை தெரிஞ்சா வரி ஏறும்! அந்த மரத்தைக் கும்பிட்டுல்ல வாழ்றேன். ஆல்டனுக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் விஸ்கி குடுக்கிறதே அதுக்குத்தான்."

அது உண்மை. இந்த மாநிலத்தில் சம்பளத்துக்கு வரி கிடையாது, கடையில் வாங்கும் சாமானுக்கு வரி கிடையாது. எல்லாம் சேர்ந்து வீட்டின் தலையில்தான் விடியும். சுவர், கூரை, குளியலறை போதாதென்று வீட்டிலிருந்து தெரியும் மலைக்கும் ஒரு விலை போட்டு மதிப்பில் சேர்த்துவிடுவார்கள். ஏப்ரல் முதல் தேதி வீடு எப்படி நிற்கிறதோ அதுதான் அந்த வருஷத்துக் கணக்கு.

"வீட்டை விக்கிற யோசனை உண்டா?"

"செத்தாத்தான்."

"மலையே பாக்கமாட்டீங்களா?"

"ஏன் பாக்காம? சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போவேன். அவ முன்தாழ்வாரத்துல உக்காந்தா முழு மலையும் தெரியும். காபியும் குடுப்பா." சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்தார்.

ஹெஸ்டர் சமையலறை ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிரே பைன் மரங்கள் பச்சைப்பசேலென்று அடர்ந்து நின்றன. மலையின் ஒரு துணுக்குகூடத் தெரியவில்லை. மாடியில் படுக்கையறை ஜன்னலிலும் அதே கதைதான். அவள் தாடையைச் சொறிந்துகொண்டாள்.

அடுத்த வீடு அக்கா ஜெனிவீவுடையது. அச்சு அசலாக அதே வீடு. அதே ஓடு, அதே வெள்ளைப் பலகை. வித்தியாசம் ஒன்றுதான்: அவள் வீட்டுக்கு எதிரே ஆல்டனின் மரவரிசை முடிந்துபோய், மலை அடிமுதல் நுனிவரை பப்பரப்பா என்று கிடந்தது.

"ஒரே அப்பா, ஒரே பலகை, ஒரே ஆணி," என்றாள் ஜெனிவீவ், சுட்டு வைத்த ஆப்பிள் பை பலகாரத்தை வெட்டிக்கொண்டே. "ஆனா நான் கட்டுறது அவன் கட்டுறதைப் போல ஒன்றரைப் பங்கு. கேட்டா மலையாம்! அந்த மலையை நானா கொண்டாந்து வெச்சேன்? போன வசந்தத்துல ஊர் ஆபீசுக்கே போய் மதிப்பீட்டாளர்கிட்ட சண்டை போட்டேன். சட்டத்தை விளக்கி அனுப்பிட்டார்."

"தம்பி மேல கோவமா?"

"அவன் மேல எதுக்கு? அவன் பாவம்." கத்தி நின்றது. "அவன் செஞ்சிருந்தாலும் மன்னிச்சு விட்டுடுங்க சீஃப். மலை இப்படி இடுப்பு வரைக்கும் தெரியும்னா யாருக்குத்தான் ஆசை வராது?"

ஹெஸ்டர் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு எழுந்தாள்.

அன்று மாலை வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஊர் வலைத்தளத்தில் யார் பேரைத் தட்டினாலும் போதும். வீட்டுப் படம், எத்தனை குளியலறை, என்ன மதிப்பு, எவ்வளவு வரி, எல்லாம் வந்து விழும். வெஸ்ட் ஹாலத்தில் பாதிப் பேருக்கு இதுதான் பொழுதுபோக்கு. வாயால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான். ஹெஸ்டரும் யோக்கியம் இல்லை. விட்டுப்போன புருஷன் புதுப் பெண்டாட்டியோடு குளக்கரையில் கட்டிய வீட்டை எத்தனை தடவை தட்டிப் பார்த்திருப்பாள்! அந்த வீட்டில் சூடான தரை போட்ட குளியலறை இருப்பது அவளுக்குத் தெரியும். அதை நினைத்தாலே இன்றைக்கும் வயிறு பற்றிக்கொண்டு எரியும்.

இன்று ஒலெட் வீடுகள் இரண்டையும் தட்டினாள். அக்கா வீட்டில் 'மலைக்காட்சி' என்று ஒரு தலைப்பு, அதற்கு நேரே கொழுத்த தொகை. தம்பி வீட்டில் அந்தத் தலைப்பே இல்லை. இரண்டு வீட்டையும் மதிப்பீட்டாளர் முன்வாசல் படி தெரிய முன்பக்கமிருந்தே படம் எடுத்திருந்தார். ஹெஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி வென்டல் வீட்டுக்குப் போனாள். இந்தத் தடவை சமையலறைப் பக்கம் போகாமல் வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்தாள். முற்றமெல்லாம் முழங்கால் உயரம் பழைய பனி. ஆனால் முன்வாசல் படிக்கு மட்டும் யாரோ சுத்தமாகப் பனியை வாரி வழி வெட்டியிருந்தார்கள்.

"இதை யாரு வாரினது?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"முன்வாசலையா?" வென்டல் எட்டிப் பார்த்து விழித்தார். "எனக்கென்ன பைத்தியமா? அம்மாவைப் பெட்டியில வெச்சுத் தூக்கிட்டுப் போனப்போ திறந்த கதவு அது. இந்த ஊர்ல எவன் முன்வாசல்ல வர்றான்? பனி தள்ற பையன் தப்பாத் தள்ளியிருப்பான்."

ஹெஸ்டர் அந்தப் படியில் ஏறித் திரும்பி நின்றாள். மொட்டை மரங்களுக்கு நடுவே மலை தெரிந்தது. உச்சி, தோள், இடுப்பு வரைக்கும். இடுப்புக்குக் கீழே ஆல்டனின் மாட்டுக்கொட்டகை மறைத்தது. ஒரு பக்கம் நகர்ந்தாலும் போச்சு, பச்சை மரம் வந்து மறைத்துவிடும்.

மதிப்பீட்டாளர் டெல்பர்ட் ஸ்வெட்டுக்குப் போன் போட்டாள்.

"நீங்க எங்கே நின்னு மலையைப் பாப்பீங்க?"

"முன்வாசல் படியில. எல்லா வீட்டுக்கும் அதே இடம். சமையலறைப் பக்கம் போனா ஒருத்தன் நாயை விடுவான், ஒருத்தி பலகாரம் குடுப்பா, அப்புறம் லஞ்சம்னு பேச்சு வரும். நமக்கு எதுக்கு வம்பு?"

"இது ஊருக்குத் தெரியுமா?"

"எவன் கேக்கிறான்? திட்டத்தான் தெரியும் எல்லாருக்கும். ஒருத்தர் மட்டும் உக்காந்து விவரமாக் கேட்டாங்க." பெயரைச் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஜெனிவீவின் தாழ்வாரத்தில் வென்டல் வழக்கம்போல் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். ஹெஸ்டர் ஆல்டனையும் கூட்டிக்கொண்டு ஏறினாள்.

"ஆல்டன், மலை வேணும்னு வென்டல் மரத்தைக் கொன்னிருந்தா எந்த மரத்தைக் கொன்னிருப்பார்? அவர் சாப்பிடுறது, உக்கார்றது, தூங்கிறது எல்லாம் சமையலறைக் கோடியில. அங்கே உங்க மரம் ஒண்ணுகூடச் சாகலை. செத்ததெல்லாம் முன்வாசலுக்கு நேரா இருக்கிறது. அந்தப் படியில வருஷத்துக்கு ஒரே ஒரு ஆள்தான் நிப்பார். வரி மதிப்பீட்டாளர்."

ஆல்டன் திரும்பி வென்டல் வீட்டு முன்வாசலைப் பார்த்தார்.

"அப்போ இது மலையைப் பாக்கிறதுக்குச் செஞ்சதில்லை. மலையை அவருக்குக் காட்டுறதுக்குச் செஞ்சது. வென்டலோட வரி ஏறணும். அவ்வளவுதான் ஆசை. வழி தெரியாம டெல்பர்ட் திரும்பிடக் கூடாதுன்னு படியில பனியையும் வாரி வெச்சாச்சு." ஹெஸ்டர் திரும்பினாள். "ஜெனிவீவ், மலை இடுப்பு வரைக்கும் தெரியுதுன்னு சொன்னீங்க. உங்க வீட்டுலேர்ந்து பாத்தா அடி வரைக்கும் தெரியும். தம்பி சமையலறையில ஒண்ணுமே தெரியாது. இடுப்பு வரைக்கும் தெரியிறது ஒரே இடத்துல. யாருமே மிதிக்காத அந்தப் படியில நீங்க எப்போ நின்னீங்க?"

ஜெனிவீவ் காபிக் கெண்டியை மேஜைமேல் வைத்தாள். மறுப்பாள் என்று ஹெஸ்டர் எதிர்பார்த்தாள். அவள் மறுக்கவில்லை. முகம் ரத்தமாகச் சிவந்தது.

"ஆமா, நின்னேன்! டிரில் போட்டதும் நான்தான்! எத்தனை வருஷமா இந்த மலைக்கு நான் அழறேன் தெரியுமா? தையல் தெச்சு, அடுத்தவன் பிள்ளைக்கு மூக்கு துடைச்சுக் கட்டுறேன். இவன் ஒரு சல்லிக் காசு குடுக்காம தினம் வந்து என் நாற்காலியில சாஞ்சு என் மலையைப் பாக்கிறான்! 'ஆகா, இன்னிக்கு என்ன அழகு ஜென்னி'ங்கிறான்! பத்திக்கிட்டு எரியாதா எனக்கு? அவனும் கட்டட்டும்! ஒரே ஒரு வருஷமாவது அவனும் கட்டிப் பாக்கட்டும்!"

ஹெஸ்டர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். குளக்கரை வீட்டின் கூரை ஒழுகவேண்டும் என்று அவள் நேர்ந்துகொண்ட இரவுகள் உண்டு. ஆனால் நினைப்பதற்கு வழக்கு இல்லை, டிரில் போட்டதற்கு உண்டு.

"என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தியா ஜென்னி?" என்றார் வென்டல்.

"உன்னைப் பிடிப்பாங்கன்னு நான் நினைக்கலைடா. நோய்னு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்." குரல் இறங்கிவிட்டது. "அப்புறம்... உன் மேல சந்தேகம் வந்துச்சு. நான் சும்மா இருந்துட்டேன்."

ஆல்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் திருகிக்கொண்டிருந்தார்.

வென்டல் எழுந்து கோப்பையை மேஜையில் வைத்தார். காபி பாதி அப்படியே இருந்தது.

"பால் வண்டி ஓட்டினவன் நான். இந்த மலையைச் சுத்தி முப்பது வருஷம் போயிருக்கேன். அதுல என்ன இருக்கு பாக்கிறதுக்கு? உன் புருஷன் போனதுக்கப்புறம் சாயங்காலம் நீ தனியா உக்காந்திருப்பியேன்னு வந்தேன். சும்மா வந்தா விரட்டிடுவே. அதான் மலை, மலைன்னு சொன்னேன்."

ஜெனிவீவ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"வென்டல், உக்காருடா."

"எதுக்கு? எனக்கும் இப்போ சொந்தமா ஒரு மலை வந்துடுச்சே," என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கித் தன் வீட்டுப் பக்கம் நடந்தார்.