அடுத்த குரல் வரும்வரை

காலையில் கடல் வடிந்ததும் சேறு அள்ளும் வண்டி வந்துவிடும். கடல் ஏற்றத்தில் தெருவுக்குள் வந்த தண்ணீர் விட்டுப்போன சேற்றை உறிஞ்சிக்கொண்டே தெருவின் கடைசி வீடு வரைக்கும் போகும். அங்கே திரும்ப இடமில்லை. வந்த வழியே பின்னகர்ந்துதான் வெளியேற வேண்டும். கடைசி வீடு லிகோரியுடையது.

"எலே, கண்ணு பொடதியிலயா இருக்கு? வண்டி வருதுல்லா, ஒதுங்கு!"

லிகோரி காபியைப் பாதியில் வைத்தார். அந்தக் குரல் அவர் மனைவி மெற்றில்டாவுடையது. அவள் இறந்து நான்காவது வருடம்.

அவள் இறந்தபோது, பின்னகரும் வண்டிகளின் வெறும் பீப் ஒலிக்கு ஊரின் காது மரத்துப்போயிருந்தது. பின்னகர்ந்து வந்த மீன் வண்டியொன்று அவளைச் சுவரோடு நெரித்தது. நினைவுக்குரல் சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. ஒரு வட்டாரத்தில் பின்னகரும் வண்டியால் கடைசியாக இறந்தவர் யாரோ, அவர் குரலில்தான் அங்குள்ள வண்டிகளெல்லாம் எச்சரிக்க வேண்டும். லிகோரி சம்மதித்தார். கோயிலில் அவள் வாசகம் வாசித்த பதிவை எடுத்துக்கொடுத்தார். அவர்களோ, அவள் கைபேசியிலிருந்து, தெருவில் கிரிக்கெட் ஆடியவர்களைத் திட்டிய தொனியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குத்தான் எல்லோரும் ஒதுங்கினார்களாம்.

உண்மைதான். அவளுக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் பின்னகரும் வண்டியால் யாரும் சாகவில்லை.

"முத்துப்பேச்சி, இத அமத்தித் தொலையேன்" என்றார். வண்டி தானாக ஓடும்; உறிஞ்சுகுழாயைப் பார்த்துக்கொள்வது மட்டும் முத்துப்பேச்சியின் வேலை.

"சத்தம் இல்லன்னா ரிவர்ஸே விழாது அண்ணாச்சி. அதுக்கும் ஒரு காது வச்சிருக்கான். அது கேட்டாத்தான் நகரும்."

"நேத்து கோழிக்கடையில நிக்கேன். பின்னால கோழி வண்டி வந்து திட்டுதா. கடையே சிரிக்கு. உசுரோட இருக்கப்பகூட இவ்வளவு திட்டல, தாயி."

"மதினி திட்டுனா நான்கூட ஒதுங்கிருதேன்."

"வேற குரல் எப்பத்தான் வரும்?"

முத்துப்பேச்சி குழாயைச் சுருட்டினாள்.

"வேற ஆளு சாவணும்லா" என்றாள்.

அது அவருக்குத் தெரியாததல்ல. கொஞ்ச நாளாகவே தெருவில் போகிறவர்களின் பேச்சை அவர் வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த ஆள் குரல் கரகரப்பு, காலையில் தாங்காது. அந்தப் பெண் குரல் பரவாயில்லை. அப்படிக் கேட்பது எப்போது தொடங்கியது என்று யோசித்தால் பயமாக இருந்தது. அதனால் யோசிப்பதில்லை.

மறுநாள் பழைய டயர் டியூபும் கத்தரியும் எடுத்துவைத்துக் காத்திருந்தார். வண்டியின் காது ஒலிபெருக்கிக் கூட்டுக்குள்ளேயே இருந்தது. கூட்டை வெளியே இறுக்கிச் சுற்றிவிட்டால் வண்டிக்குக் கேட்கும், தெருவுக்குக் கேட்காது.

"நான் அந்தப் பக்கம் கைகழுவப் போறேன். எதையும் பாக்கல" என்று முத்துப்பேச்சி முன்பக்கம் போய்விட்டாள்.

லிகோரி டியூபை வெட்டிக் கூட்டைச் சுற்றி முடித்தார். வண்டி பின்னகர்ந்தது. கூட்டுக்குள் ஏதோ முனகியது, அவ்வளவுதான். மின்வண்டியின் சக்கரங்கள் ஈரத்தில் நசநசக்கும் ஓசை மட்டும் மிஞ்சியது. நான்கு வருடமாகக் காத்திருந்த மௌனம் அது. லிகோரி அதோடு கூடவே நடந்தார்.

நான்கு வீடு தள்ளி, அதே தெருக்காரர் தஸ்நேவிஸ் வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து, சைக்கிள் சக்கரத்தில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். பின்கேமராவைச் சேறு வழக்கம்போல் மூடியிருந்தது. வண்டி அவரைப் பார்க்கவில்லை. லிகோரி பார்த்தார்.

தஸ்நேவிஸுக்கு மென்மையான குரல். சண்டையில்கூட 'கொஞ்சம் கேளுங்களேன்' என்றுதான் ஆரம்பிப்பார். காலை நேரத்துக்கு எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஒரு மூச்சு விடும் நேரம்தான். அதற்குள் வண்டி ஒரு வாசலைக் கடந்துவிட்டது.

"எலே, கண்ணு பொடதியிலயா இருக்கு? வண்டி வருதுல்லா, ஒதுங்கு!"

கத்தியது தான்தான் என்று லிகோரிக்குத் தொண்டை எரிந்தபோதுதான் தெரிந்தது. தஸ்நேவிஸ் பக்கத்து வாசற்படியில் தாவி விழுந்தார். சைக்கிள் நொறுங்கியது. முத்துப்பேச்சி ஓடிவந்து நிறுத்துபொத்தானை அடித்தாள்.

"பக்கத்துலதான நின்னீய? ஏன் அண்ணாச்சி இவ்வளவு லேட்டாக் கத்துனீய?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. கத்தரியைத் தேடி எடுத்தார். கூட்டில் சுற்றிய டியூபை அறுத்து எடுத்தார்.

மறுநாள் காலை, முழங்கையில் கட்டோடு தஸ்நேவிஸ் லிகோரியின் வாசலுக்கு வந்து நின்றார். வண்டி அப்போதுதான் பின்னகரத் தொடங்கியிருந்தது.

"கொஞ்சம் கேளுங்களேன்" என்றார். "உங்க வீட்டுக்காரம்மா சத்தத்தக் கொஞ்சம் கொறைக்க வழி இல்லையா? காதே போயிரும்போல."

லிகோரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒதுங்குங்க தஸ்நேவிஸ்" என்றார். "வண்டி வருது."