கோயில் வளைவில் நீலக் கொடி

தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். உலகத்திலேயே வேகமான வண்டி அக்ரமுடையதுதான் என்று சத்தியமே செய்வார்கள். சுதர்ஷினியிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். "நேர் ரோட்டுல வேணா அவன் ராசா. வளைவுல வரட்டும், பார்ப்போம்!" என்பாள்.

வண்டி என்றதும் மோட்டார் கார் என்று நினைத்துவிட வேண்டாம். இறக்கத்தில் தானாக உருண்டு ஓடும் பலகை வண்டிதான். அடியில் நாலு பெயாரிங் சக்கரம், திருப்புவதற்குக் கயிறு, காலால் அழுத்தினால் ரோட்டில் உரசி நிற்க வைக்கும் பழைய டயர்த் துண்டு. ஏப்ரலில் நுவரெலியாவில் கார் ரேஸ் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பைத்தியம். சட்டம்கூட அங்கே பார்த்த சட்டம்தான். மஞ்சள் கொடி ஆடினால் முன்னால் ஆபத்து. வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்த இடத்தில் யாரும் யாரையும் முந்தக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அக்ரமுக்கும் சுதர்ஷினிக்கும் இறுதிப் போட்டி. ஜெயிப்பவருக்கு அக்ரமின் வாப்பா நஜீம் நானா தம் கடையிலிருந்து நாலு புதுப் பெயாரிங் தருவதாகச் சொல்லியிருந்தார். சுதர்ஷினியின் சக்கரங்கள் நாலும் நாலு விதம். நொண்டிக் கோழி மாதிரி தத்தித் தத்தித்தான் வண்டி ஓடும். அந்தப் புதுப் பெயாரிங் அவளுக்கு வேண்டும், வேண்டவே வேண்டும்!

சனிக்கிழமை பழகிப் பார்த்தார்கள். கோயில் வளைவில் கொடி பிடித்து நின்றவன் சுமன். திடீரென்று ஒரு கன்றுக்குட்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. சுமன் மஞ்சள் கொடியை ஆட்டு ஆட்டென்று ஆட்டினான். அக்ரம் நிற்கவே இல்லை. கன்றைக் கடைசி நொடியில் பார்த்து, கயிற்றை இழுத்து, தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தான்.

தலையெல்லாம் இலையோடு எழுந்தவனைப் பார்த்து, "என்ன அக்ரம், கொழுந்து பறிக்க வந்தியா?" என்று சிரித்தாள் சுதர்ஷினி.

சுமனுக்குக் கோபம். "கொடி ஆட்டினேனே, தெரியலையா?"

"எந்தக் கொடிய?"

சுதர்ஷினி திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. மாரியம்மன் திருவிழா வருகிறது அல்லவா? ரோட்டின் இரண்டு பக்கமும் சிவப்பும் மஞ்சளுமாகக் கோயில் கொடிகள் கட்டியிருந்தார்கள். எல்லாம் காற்றில் படபடவென்று ஆடின. சுமனின் கொடியும் அதில் ஒன்றாகப் போய்விட்டது.

"நானும் பார்க்கலடா. நான் முன்னால வந்திருந்தா நானும் செடிக்குள்ளதான்," என்றாள்.

"கோயில் கொடிய ஒரு நாளைக்குக் கழட்டுவோமா?" என்றான் அக்ரம்.

"கழட்டிப் பாரு. கோயில் கமிட்டி நம்ம தோல கழட்டிரும்!"

அப்படியானால் வேறு நிறம் வேண்டும். சிவப்பு சரிவராது. பச்சை தேயிலையோடு கலந்துவிடும். யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். வாசல் கொடிக்கயிற்றில், அம்மா ஜீவராணி கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு காய்ந்துகொண்டிருந்தது. பளிச்சென்ற நீலப் பொலித்தீன்!

"அம்மா, நாளைக்கு மட்டும் இந்தப் படங்க தர்றீங்களா?"

"திங்கக்கிழம காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கு நான் எதக் கட்டிக்கிட்டுப் போறது? கிழிச்சே, தொலைஞ்ச!" என்றார் அம்மா. ஆனால் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் அதைக் கம்பில் கட்டிக் கொண்டுபோனதும் அக்ரம் முகம் சுளித்தான். "ரேஸ்ல நீலக் கொடின்னா, பின்னால வேகமா வர்றவனுக்கு வழி விடணும்னு அர்த்தம். தெரியாதா?"

"நுவரெலியாவுல அப்படி. நம்ம ரோட்டுல மஞ்சள் அம்மனுக்கு, நீலம் நமக்கு. சரியா?"

எல்லோரும் தலையாட்டினார்கள்.

விசில் ஒலித்தது. நேர் ரோட்டில் அக்ரம் பறந்தான். சுதர்ஷினி பதறவில்லை. வளைவுக்குள் போன பிறகு பிரேக் போட்டால் வண்டியின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும், அது அவளுக்குத் தெரியும். வளைவுக்கு முன்னாலேயே காலை அழுத்தினாள். ரோட்டின் வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு வண்டியைத் திருப்பினாள். அக்ரமோ கண்மண் தெரியாமல் வந்து வெளிப்பக்கம் சறுக்கினான். உள்ளே வழி திறந்தது. இதோ, முந்திவிடலாம்!

அந்த நேரம் பார்த்து சுமன் கையில் நீலக் கொடி ஆடியது.

ஐயோ! இன்னும் ஒரே ஒரு வீச்சு! ஆனாலும் காலை நன்றாக அழுத்தினாள். முன்னால் அக்ரமும் கொடியைப் பார்த்துவிட்டான். இரண்டு வண்டிகளும் கிறீச்சென்று உரசிக்கொண்டு நின்றன.

வளைவுக்கு அப்பால் ரோடு முழுக்க விறகு. மீனம்மா அக்காவின் விறகுக்கட்டு அவிழ்ந்து சிதறியிருந்தது. அவர் நடுரோட்டில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நல்ல வேள நின்னீங்க! இல்லாட்டி என் கால் என்னாவுறது?" என்றார் மீனம்மா அக்கா நெஞ்சில் கைவைத்து.

கொடி பிடித்து நின்ற சுமனைத் தவிர எல்லோரும் ஓடிவந்து விறகைக் கட்டிக் கொடுத்தார்கள். அக்ரம் மெல்லக் கேட்டான்: "நீ உள்ள புகுந்திருந்தா என்னைய முந்தியிருப்பல்ல?"

"கொடி ஆடிச்சே!"

"சரி, இங்கருந்தே திரும்ப ஆரம்பிப்போம். நான் முன்னால, நீ பின்னால. அடுத்தது ஃபெக்டரி வளைவு. முடிஞ்சா பிடி!"

"பிடிக்கத்தானே போறேன்!"

பிடித்தாள். ஃபெக்டரி வளைவிலும் அக்ரம் அதே அவசரம், அதே சறுக்கல். சுதர்ஷினி முன்பே வேகத்தைக் குறைத்து, உள் ஓரத்தைத் தொட்டு, காலை எடுத்துவிட்டாள். நொண்டிக் கோழி அவனைத் தாண்டிப் பறந்தது! இந்த முறை எந்தக் கொடியும் ஆடவில்லை.

நஜீம் நானா பெயாரிங் பொட்டலத்தை அவள் கையில் வைத்தார். "அந்த வளைவு வித்தைய எனக்கும் சொல்லிக் குடு," என்றான் அக்ரம். சுதர்ஷினிக்கு மகிழ்ச்சியில் கால் தரையில் நிற்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தார். மகளைக் கட்டிப்பிடித்து உச்சி முகர்ந்தார். அடுத்த நொடியே கேட்டார்:

"அதெல்லாம் சரிடி, என் படங்கு எங்க?"

சுதர்ஷினி மேலே கைகாட்டினாள். கோயில் வளைவில், ரேஸ் முடிந்தது தெரியாமல், சுமன் இன்னும் அதை ஆட்டிக்கொண்டே நின்றான்.