ஐம்பத்தைந்து நிமிடப் பயணம்

நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் முடிந்ததும் மெர்லின் பயணிகளை உறங்க வைத்திருந்த துயில்மூட்டத்தை நிறுத்தினாள். எண்பது இருக்கைகளிலும் பச்சை விளக்கு எரிந்தது. சன்னல்கள் மூடியே இருந்தன. விழிப்பவர்களின் கையிலிருந்து உணவுக் குழாயைக் கழற்றி, முகம் துடைக்க ஈரத்துணி கொடுப்பது அவள் வேலை.

தூத்துக்குடியிலிருந்து சேலம் முந்நூற்று நாற்பது கிலோமீட்டர். பயண நேரம் ஐம்பத்தைந்து நிமிடம் என்று பயணச்சீட்டில் இருக்கும். சூரிய விமானங்கள் வந்த பிறகு, கிளம்புவதற்கு மின்கலம் வெயிலில் நிரம்ப வேண்டும், வான்பாதையில் முறை வர வேண்டும். காத்திருந்த பயணிகள் சண்டை போட்டார்கள். அதனால் கதவு மூடியதும் எல்லோரையும் உறங்க வைத்துவிடும் வழக்கம் வந்தது. விழித்திருப்பவர் காத்திருந்தால்தான் அது தாமதம். பெரும்பாலும் அரை நாளில் சேர்ந்துவிடுவதால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஏழு நாளுக்கு மேல் உறங்க வைக்கக் கூடாது என்று மட்டும் சட்டம் இருந்தது.

பதினான்காம் இருக்கையில் பர்னாந்து. சேலம் ஆஸ்பத்திரியில் இருக்கும் மகளுக்குத் தன் கல்லீரலில் பாதியைக் கொடுக்கப் போவதாக ஏறும்போதே சொன்னார். வியாழனுக்குள் அறுவை நடந்தாக வேண்டும்.

மூன்றாம் நாள் மெர்லின் மேலாளரிடம் கேட்டாள், அவரை மட்டும் எழுப்பலாமா என்று.

"ஒருத்தர எழுப்புனா எண்பது பேரையும் எழுப்பணும். இருபது வருஷமா ஒரு நிமிஷம் தாமதமில்லன்னு பேரு வாங்கியிருக்கோம். நீ பதில் சொல்லுவியா?"

அவள் தன் இடத்துக்குத் திரும்பினாள். பயணிகளின் கைப்பேசிகள் இருந்த பெட்டியில் பர்னாந்துவின் கைப்பேசி வெள்ளிக்கிழமை வரை அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அடிக்கவில்லை.

"பயணம் இனிதே முடிந்தது" என்றது ஒலிபெருக்கி, பயணிகளை எழுப்பும்போதெல்லாம் சொல்வதுபோல. எல்லோரும் இறங்கும்வரை ஊழியர்கள் வேறெதுவும் சொல்லக் கூடாது.

பர்னாந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தார். "வந்தாச்சா? எம் மச்சான் ரயில்லதான் வருவேன்னு ஒத்தக்கால்ல நின்னான். பதினாலு மணி நேரமாம். இப்பதான் நம்மூரு பக்கத்துல மணியாச்சியத் தாண்டியிருப்பான், கோட்டிப்பய."

ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தவர் தாடையில் கையை நிறுத்தினார். "காலைலதான சவரம் பண்ணேன்? இன்னைக்கு என்ன கெழம தாயி?"

"திங்கள்."

"அப்பாடா. திங்கள்தான ஏறுனேன். ஒரு நிமிஷம் ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. வியாழனுக்கு இன்னும் மூணு நாள் கெடக்கு."

பையிலிருந்து மக்ரூன் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். "மகளுக்கு உசுரு. நீயும் ஒண்ணு எடுத்துக்கோ."

மெர்லின் எடுத்தாள். நமுத்துப்போயிருந்தது. விரல்களில் ஒட்டியது.

"வெளிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கெடைக்குமா? சேலத்துல எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

கதவருகில் மேலாளர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பர்னாந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். மெர்லின் வழியை விடவில்லை.

"அண்ணாச்சி," என்றாள். "நீங்க ஏறுனது போன திங்கள். நாம இன்னும் தூத்துக்குடியிலதான் நிக்கிறோம். விமானம் கிளம்பவே இல்ல."