இரண்டு பெண் வீட்டார்

பராசக்தி மாரியம்மன் கொடிமரத்தைப் பார்த்தபடி சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யென்று யாராவது நிரூபித்துவிட்டால் இனி ஆயுசுக்கும் நான் எண்ணெய்ப் பரோட்டாவைத் தொடுவதில்லை. விருதுநகர்க்காரன் இதற்கு மேல் எதை வைத்துச் சத்தியம் செய்வது?

ஆமத்தூரில் அன்று விடிந்ததே சரியில்லை. வெள்ளைத்தாய் காப்பியைக் கொண்டுவந்து கணவர் கண்ணுச்சாமியின் முன்னால் வைத்தாள். அவர் டம்ளரைத் தொடவில்லை. முற்றத்தில் கட்டிக் கிடந்த வெள்ளாட்டின் பக்கம் திரும்பினார்.

"இந்தா, இன்னைக்கு இந்தப் படியத் தாண்டுறவுக திரும்பி வர வேணாம்னு சொல்லிரு."

ஆடு வெள்ளைத்தாயைப் பார்த்தது.

ஆறு வருஷமாக அந்த வீட்டில் இப்படித்தான். மனைவியோடு பேசுவதில்லை என்று கண்ணுச்சாமி முடிவெடுத்த நாளிலிருந்து எல்லாப் பேச்சும் ஆட்டின் வழியாகவே போனது. குழம்பில் புளி தூக்கல் என்றாலும் ஆட்டிடம் சொல்வார், காய்ச்சல் அடித்தாலும் ஆட்டிடம் சொல்வார். முதல் ஆடு கேட்டுக் கேட்டு மனம் நொந்தே செத்துப்போனது. இது அதன் மகள்.

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. மகள் மாரிச்செல்வியைப் பெண் பார்க்க வந்த மூன்று இடத்தையும் கலைத்தவள் வெள்ளைத்தாய். முதலில் வந்தவர்களுக்குக் கேசரியில் உப்பைப் போட்டுக் கொடுத்தாள். அடுத்து வந்தவர்களிடம், தனக்கு வலிப்பு உண்டு, தன் தாய்க்கும் உண்டு என்று வாய் கூசாமல் சொன்னாள். மூன்றாவதாக வந்தவர்கள் வாசலில் இறங்கியபோது வீட்டைப் பூட்டிவிட்டுச் சாத்தூருக்குப் போய்விட்டாள். பெற்ற மகளுக்கே ஆகாதவள் என்றது ஊர். அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

முந்தின நாள்தான் மாரிச்செல்வி போன் போட்டு, நாளைக்குத் தனக்கு ரோஷினியோடு கல்யாணம் என்றும், அப்பாவும் வர வேண்டும் என்றும் சொன்னாள். ரோஷினி, சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி முதலாளி தங்கச்சாமியின் மகள். அந்தக் கம்பெனியில்தான் மாரிச்செல்வி பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைகிறாள். பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் பதிவு செய்து கல்யாணம் முடிக்கலாம் என்ற சட்டம் நடைமுறைக்கு வரும் முதல் நாள் அந்தக் கல்யாண நாள். விருதுநகர் பதிவு அலுவலகத்தில் முதல் பெயர் இவர்களுடையது.

வெள்ளைத்தாய் குத்துவிளக்கும் பூவும் பழமும் வைத்த சீர்த்தட்டை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். அவளும் ஆட்டைப் பார்த்துத்தான் பேசினாள்.

"காப்பி ஆறுதுன்னு சொல்லு. சோறு வடிச்சு வச்சிருக்குன்னு சொல்லு. எம் மகளுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடப் போறேன்னும் சொல்லு..."

படியைத் தாண்டினாள். முப்பது வருஷம் கூட்டிப் பெருக்கிய வாசல். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவோம் என்று திரும்பாமலே பஸ் ஏறினாள்.

அலுவலக வாசலில் இன்னொரு அம்மாள் சீர்த்தட்டோடு நின்றாள். ரோஷினியின் தாய் பத்திரகாளி. தட்டில் அதே அளவுக் குத்துவிளக்கு, அதே கதம்பம். ஒருவர் தட்டை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உள்ள வாங்கன்னு யாரும் கூப்பிடலையே?" என்றாள் பத்திரகாளி.

"நீங்க கூப்பிடுவீகன்னுல்ல நான் நிக்கேன்."

"நாங்க பொண்ணு வீடும்மா."

"நாங்களும் பொண்ணு வீடுதான்."

சீர் கொண்டு வந்த பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் 'வாங்க' என்று சொல்லாமல் உள்ளே கால் வைப்பதில்லை. இங்கே அதைச் சொல்ல ஆளில்லை. மணப்பெண்கள் இருவரும் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். இரண்டு தாய்மாரும் அசையவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

கிளார்க் காசிராஜன் எட்டிப் பார்த்தார். "மூணு சாட்சி வேணும்லம்மா. இங்கன ரெண்டு பேருதான் நிக்கீக. ரிஜிஸ்ட்ரார் ஐயா மதியத்துக்கு மேல மதுரைக்குப் போயிருவாக."

மூன்றாவது சாட்சியாக வருவதாகச் சொன்ன தோழியின் போன் அணைந்து கிடந்தது. மாரிச்செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஒரு மொபெட் வந்து நின்றது. கண்ணுச்சாமி இறங்கினார். பின்னாலிருந்து ஆடும் இறங்கியது. அது இல்லாமல் அவர் மனைவியோடு எப்படிச் சண்டை போடுவார்?

விறுவிறுவென்று படியேறி, வாசல் நிலையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இந்தா, கேளு. மூணு இடத்தையும் கலைச்சு, பிள்ளையக் கிறுக்காக்கி, இப்ப இங்கன கொண்டாந்து நிறுத்தியிருக்காகளே, நல்லா இருப்பாகளான்னு கேளு. என்னையத் தாண்டி எவுக உள்ள போறாகன்னு பாக்கேன்."

வெள்ளைத்தாயின் தட்டில் குத்துவிளக்கு சரிந்தது. மாரிச்செல்வி அதைப் பிடித்து நிமிர்த்திவிட்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"ஆட்டக் கேக்காதீகப்பா. என்னையக் கேளுங்க. மொத இடம் வாரதுக்கு முந்துன நாளே நான் அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கட்டாயப்படுத்துனா பட்டாசு மருந்து ரூமுல போயி தீக்குச்சியக் கிழிச்சிருவேன்னேன். உப்பப் போட்டதும், வலிப்புன்னு சொன்னதும், வீட்டப் பூட்டிட்டுப் போனதும்... நான் உசுரோட இருக்கணும்னுதாம்ப்பா. உங்ககிட்ட சொல்லவான்னு கேட்டேன். வேணாம் தாயி, உங்கப்பா தாங்க மாட்டாரு, பழி எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும்னாக."

"விடு தாயி," என்றாள் வெள்ளைத்தாய். "இப்ப எதுக்கு அதெல்லாம்..."

கண்ணுச்சாமியின் கை நிலையை விட்டு மெல்ல இறங்கியது. அவர் மனைவியைப் பார்க்கவில்லை. ஆட்டையும் பார்க்கவில்லை.

வெள்ளைத்தாய் தட்டைச் சரியாக ஏந்திக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள். தள்ளிவிட்டாலும் போவது என்ற முகம். பத்திரகாளியும் தன் தட்டோடு கூடவே ஏறினாள்.

வாழ்நாளெல்லாம் விசேஷ வீட்டு வாசலில் நின்று ஆட்களைக் கும்பிட்டு அழைத்த உடம்பு அவருடையது. சீர்த்தட்டோடு இரண்டு பெண்கள் படியேறி வர, எதிரே வாசலில் ஓர் ஆண்பிள்ளை நின்றால் அவன் வாய் என்ன சொல்லுமோ, அதையே கண்ணுச்சாமியின் வாய் தன்னால் சொன்னது.

"வாங்க... வாங்க சம்மந்தி. உள்ள வாங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. எங்கள் பக்கத்தில் சொன்ன 'வாங்க'வைத் திரும்ப வாங்கிக்கொண்டவன் கிடையாது.

பத்திரகாளி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "நல்லவேள. மாப்பிள்ள வீட்ல ஒராளாவது இருக்கீகளே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளைத்தாய் மட்டும் படியிலேயே நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லையே.

"வெள்ளைத்தாயி." அந்தப் பெயர் அவர் வாயில் துருப்பிடித்துக் கிடந்தது. "வெயில்ல நிக்காத. உள்ள வா."

"ஆட்டுக்கிட்டயே சொல்லுங்க. எனக்குக் கேட்டுரும்."

ஆடு அவள் தட்டிலிருந்த கதம்பத்தைத் தின்றுகொண்டிருந்தது.

"ஆட்டுக்கிட்ட சொல்லித் தீராது தாயி. ஆறு வருசத்துக்கும் நாந்தான் சொல்லணும்..." கீழே இறங்கிவந்து அவள் கையிலிருந்த தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். காலியான கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் நின்றாள். மாரிச்செல்வி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். வெள்ளைத்தாய் ஆறு வருஷத்தையும் அந்தத் தோளிலேயே அழுது தீர்த்தாள்.

முதல் சாட்சி வெள்ளைத்தாய். இரண்டாவது பத்திரகாளி. மூன்றாவதாகக் கண்ணுச்சாமி கையெழுத்துப் போட்டபோது பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்தது.

தங்கச்சாமி வரவில்லை. ஆனால் அவர் கம்பெனி லோடு வண்டி வந்தது. அலுவலகப் படியில் தொடங்கிய சரவெடியை ஆமத்தூர் வரைக்கும் விரித்துக்கொண்டே போனார்கள். அது வெடித்து முடியும்வரை ரோட்டில் பஸ்ஸெல்லாம் புகைக்குப் பின்னால் பொறுமையாக ஊர்ந்துவந்தது. கடைசி வெடி வெள்ளைத்தாயின் வீட்டுப் படியில் வெடித்தது. கண்ணுச்சாமி முன்னால் ஓடிப் போய் வாசலில் நின்றுகொண்டு, "வா வெள்ளைத்தாயி, உள்ள வா," என்றார்.

வேலை போன வருத்தத்தில் ஆடு அன்று முதல் யாரோடும் பேசுவதில்லை.

இதை எழுதும் இன்று வரை இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் வரவில்லை.